நாலு பேருக்குக் கண்டியில் அறை

நடுத்தர நகரமொன்றுக்கு, நாலு பேர் கொண்ட குடும்பம் வெள்ளி பின்னேரம் புறப்பட்டு ஞாயிறு இரவு திரும்பும்படியாக ஒரு பயணத் திட்டம் தயாரிக்க வேண்டும். வகுப்பில் தந்த வேலை இதுதான். குடும்பத்தை நாங்களே கற்பனை செய்துகொள்ளலாம் என்றார் ஜெயக்காந்தன் சேர். திருகோணமலையில் துறைமுகத்துக்குப் போகும் வீதியில், பழைய கட்டிடமொன்றின் மேல்மாடியில் நடக்கும் சுற்றுலா முகாமைத்துவ மாலை வகுப்பு அது. மற்றவர்கள் கொழும்புக் குடும்பங்களையும் வெள்ளைக்காரக் குடும்பங்களையும் கற்பனை செய்தார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை. என்னிடம் நாலு பேர் ஏற்கெனவே இருந்தார்கள். உம்மா, வாப்பா, தங்கை ரிஸ்லா, நான். வாப்பா மட்டும் வீட்டில் இல்லை.

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். எந்த இடத்தில் பிழைவிட்டேன் என்று எழுதினால் பிடிபடும் என்ற நம்பிக்கைதான். பிடிபடாமலும் போகலாம்.

வாப்பாவின் பெயர் அபூதாஹிர். துறைமுகத்தில் இழுவைப் படகொன்றின் எஞ்சினைப் பார்ப்பவர். கலியாணம் முடித்த நாளிலிருந்து கிண்ணியாவில் உம்மாவின் வீட்டில்தான் இருந்தார். எங்கள் பக்கத்தில் வழக்கம் அப்படி. வீடு பெண்ணுக்குச் சீதனமாக வரும், மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். யாரும் அதைக் குறைவாக நினைப்பதில்லை. வாப்பாவும் நினைக்கவில்லை, கூரை ஒழுகத் தொடங்கும் வரைக்கும்.

மாரி மழையில் குசினிப் பக்கம் ஒழுகியது. ஓட்டைக் கழற்றித் தகரம் போடுவதென்று வாப்பா ஆள் பேசிவிட்டார். எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருக்கும் உம்மாவின் நானா, அவருடைய மூத்த சகோதரர் லாபிர் மாமா, முற்றத்தில் வந்து நின்றார். "வீடு தங்கச்சிட, மச்சான். கூரையைப் பிரிக்கிறதெண்டா எங்களக் கேட்டுட்டுப் பிரிங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வாப்பா உம்மாவைப் பார்த்தார். உம்மா ஒழுகுகிற இடத்துக்கு நேராக வாளியை நகர்த்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை, ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் கதை குறைந்தது, பிறகு நின்றே போனது. வாப்பா, விவாகரத்து விசாரிக்கும் காதியாரிடம் போனார். காதியார் இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசினார், தவணை கொடுத்தார், திரும்பவும் பேசினார். கடைசியில் வாப்பா ஒரு தலாக் சொல்லிவிட்டு, பாலையூற்றில் வேலைக் கூட்டாளி ஒருவரின் அறைக்குப் போய்விட்டார். கூரை இப்போதும் அப்படியேதான் இருக்கிறது.

ஒரு தலாக்கோடு எல்லாம் முடிந்துவிடாது. அதற்குப் பிறகு உம்மா இத்தா என்ற காத்திருப்பில் இருக்க வேண்டும். அந்தக் காலத்துக்குள் வாப்பா வந்து, உன்னை மீட்டுக்கொண்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழையபடி கணவன் மனைவி. சொல்லாமல் காலம் முடிந்துவிட்டால் இரண்டு பேரும் அந்நியர். பிறகு சேர்வதென்றால் பெண் கேட்டு, நிக்காஹ் செய்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும். இத்தா எவ்வளவு காலம் என்று மூதூரில் இருக்கும் வாப்பாவின் தங்கை பரீதா மாமியிடம் தொலைபேசியில் கேட்டேன். "மூணு மாசம் எண்டுதானே எல்லாரும் சொல்லுற" என்றார் மாமி. நான் நாட்காட்டியில் மூன்று மாதத்தை எண்ணி, முடிவதற்கு ஒரு கிழமை முன்னே வரும் வெள்ளிக்கிழமையைக் குறித்தேன். எந்தத் திட்டத்திலும் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும் என்று முதல் பாடத்திலேயே சொல்லியிருந்தார்கள்.

ஏன் பயணம் என்று ரிஸ்லா கேட்டாள். வாப்பா நேரே வந்து சொல்லிவிட்டுப் போகலாமே என்றாள். அவளுக்கு விளக்கினேன். வெறுங்கையோடு வந்து வாசலில் நிற்க வாப்பாவால் முடியாது. வர ஒரு காரணம் வேண்டும், வாடகைக்குப் பிடிக்கும் வான்தான் அந்தக் காரணம். இன்னொன்று, வாப்பா அந்த வார்த்தையைச் சொன்னாலும் மறுநாள் காலை அதே குசினி, அதே வாளி, நாலு வீடு தள்ளி அதே மாமா. இரண்டு பேரும் இரண்டு நாளாவது வேறெங்காவது இருந்துவிட்டு வந்தால் பேச ஏதாவது இருக்கும். மழையைப் பற்றியாவது பேசுவார்கள்.

ரிஸ்லா நான் குறித்திருந்த நாட்காட்டியைப் பார்த்தாள். பிறகு, "உங்கட பிளான்ல நான் எத்தின மணிக்குத் தும்மணும் ராத்தா?" என்று கேட்டாள்.

நகரத்தைத் தெரிவு செய்யவே பல நாட்கள் போயின. மட்டக்களப்பில் உம்மாவின் ஒன்றுவிட்ட சகோதரிகள் இருக்கிறார்கள், விசாரிப்பார்கள். நுவரெலியாக் குளிர் வாப்பாவின் மூச்சிழுப்புக்கு ஒத்துவராது. அநுராதபுரத்தில் வெயில். கண்டியில் எங்களுக்கு ஒருவரும் இல்லை. பேராதனைப் பூங்காவைப் பார்க்க வேண்டும் என்று உம்மா ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறார். ஆகவே கண்டி.

அறைதான் பெரிய சிக்கலானது. வாவிக்கு மேலே, மலைச் சரிவில், தங்கும் வீடு நடத்தும் ஒரு முஸ்லிம் பெண்மணியைக் கண்டுபிடித்தேன். சமையலும் அவரே. நாலு பேருக்கும் சேர்த்து ஓர் அறையா, இரண்டு அறையா என்று அவர் கேட்டார்.  ஓர் அறை என்றால் உம்மாவும் வாப்பாவும் எங்களுக்கு முன்னால் எதுவும் பேசமாட்டார்கள். இரண்டு அறை என்றால், யார் யாரோடு? நானும் ரிஸ்லாவும் ஓர் அறையில் என்று நான் முன்கூட்டியே முடிவெடுத்தால் உம்மா வெட்கப்பட்டுத் திரும்பிவிடுவார். அப்படி முடிவெடுக்காவிட்டால் பயணமே வீண். கடைசியில், இடையில் கதவு உள்ள இரண்டு அறை இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. அன்றிரவு அந்தக் கதவு என் கனவில் வந்தது. எந்தப் பக்கத்திலும் கைப்பிடி இல்லை.

இத்தாவில் இருக்கும் பெண் வெளியே போகலாமா என்பதையும் யோசிக்காமல் இல்லை. வாப்பா வாசலில் வைத்துச் சொல்லிவிட்டால் இத்தாவும் இல்லை, தடையும் இல்லை. ஆகவே என் திட்டத்தின் முதல் வரி இப்படி இருந்தது: பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, வீட்டு வாசல், வாப்பா பேசுதல். வகுப்பில் கொடுக்கும்போது அதைக் 'குடும்பத்தினர் ஒன்றுசேர்தல்' என்று மாற்றிவிட்டேன். அஸருக்குப் பிறகு உடனே புறப்பட்டால்தான் தம்பலகாமத்துப் பாதையில் யானை இறங்குவதற்குள் கந்தளாய்க்குப் போகலாம். வானின் முன் ஆசனத்தில் ரிஸ்லா, பின்னால் நான், நடுவில் அவர்கள் இரண்டு பேரும். உம்மா யன்னல் பக்கம். ஜெயக்காந்தன் சேர் புள்ளி குறைத்துத்தான் போட்டார். போகிற ஆக்கள் மூச்சு விடுவதற்குக்கூட நேரம் இல்லை என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

வாப்பாவைத் துறைமுக வீதியில் இருக்கும் தேநீர்க் கடையில் சந்தித்தேன். வேலை முடிந்து வந்திருந்தார். கையில் எண்ணெய் போகவில்லை. நான் கொண்டுபோன தாளை விரித்து, ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் தாளைப் பார்க்கவில்லை, பிளேன்ரியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"உம்மா என்ன சொன்னா?"

"ஒண்டும் சொல்லல்ல வாப்பா."

"ஒண்டும் சொல்லாட்டி அது ஓமா, இல்லையா?"

எனக்குத் தெரியவில்லை. "ஓம் மாதிரித்தான்" என்றேன்.

வாப்பா சிரித்தார். "அந்த மாதிரிய நம்பித்தான் மகள் நான் இவ்வளவு காலமும் இருந்தனான்."

 எதிரே படகுத்துறைப் பக்கமிருந்து சங்கு ஊதியது. அது எந்தப் படகு என்று அவர் தலையைத் திருப்பாமலே கண்டுகொண்டிருப்பார். இவர் மாட்டார் என்று சொல்லிவிடுவார், நான் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போக வேண்டியதுதான் என்று நினைத்தேன். அப்போது கேட்டார், கண்டியில் இப்போது குளிரா என்று.  இரவில் கொஞ்சம் குளிரும் என்றேன். கூட்டாளியிடம் ஒரு சுவெற்றர் இருக்கிறது என்றார்.

உம்மாவிடம் முன்னமே பொதுவாகச் சொல்லியிருந்ததை இப்போது முழுதாகச் சொன்னேன். எந்த வெள்ளிக்கிழமை, எந்த வான், எந்த வீடு. அவர் தையல் மெசினில் இருந்தார். உறைப்புக் குறைத்துச் சமைக்கச் சொல்லவா என்று கேட்டேன், ஓம் என்றார். வானில் யன்னல் பக்கம் சரிதானே என்று கேட்டேன், சரி என்றார். வாப்பா வாசலுக்கு வருவார் என்றேன். மெசின் கொஞ்சம் வேகமாக ஓடியது. அவ்வளவுதான்.

இன்னொரு விசயம். அப்போது அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. வகுப்பு முடிந்து பஸ்ஸில் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி வீடு வரும்போது இருட்டிவிடும். வாப்பா போன பிறகு, வரும் ஒவ்வொரு நாளும் எங்கள் கேற்றின் கொண்டி போடாமல் கிடக்கும். ஆண் துணையில்லாத வீடு. நான் உள்ளே வந்து, கொண்டியைப் போட்டு, சங்கிலியைச் சுற்றி, பூட்டைப் போட்டு, ஒரு தரம் இழுத்தும் பார்ப்பேன். இப்படித் திறந்து கிடந்தால் நாய் வரும் என்று உம்மாவிடம் சொன்னேன். வந்தால் வரட்டும் என்றார். மறுநாளும் திறந்தே கிடந்தது. பயணத்துக்கு முந்திய கிழமைதான், நான் வருவதற்கு முன்னமே கேற் பூட்டியிருந்தது. ரிஸ்லா வந்து திறந்துவிட்டாள். கடைசியில் என் சொல்லை உம்மா கேட்டுவிட்டார் என்று எனக்குச் சந்தோசமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அஸர் முடிந்ததும் றிஸ்கானின் வான் ஒழுங்கைக்குள் வந்தது. றிஸ்கான் எங்கள் ஊர்க்காரர்தான், வாடகைக்கு வான் ஓட்டுபவர். பாலையூற்றுக்குப் போய் வாப்பாவை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். வாப்பா புதுச் சேட்டு போட்டிருந்தார். கையில் ஒரு பை, தோளில் அந்தச் சுவெற்றர். கேற்றுக்கு வெளியே நின்று உதடுகளை மெல்ல அசைத்துக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கியது. ரிஸ்லா ஓடிப்போய் முன் ஆசனத்தில் ஏறிவிட்டாள். நாலு வீடு தள்ளி லாபிர் மாமாவின் வீட்டில் ஆள் நடமாட்டம் தெரியவில்லை. எல்லாம் திட்டத்தில் இருந்தபடியே நடந்தது. அது எனக்குப் பயமாக இருந்தது.

நான் உம்மாவைக் கூப்பிடக் குசினிக்குப் போனேன். வாழையிலையில் சோறு கட்டிக்கொண்டிருந்தார். வீட்டு உடுப்பில் நின்றார். பலகையில் மூன்று பார்சல் இருந்தது. நாலாவது இலை இல்லை.

"உங்களுக்கு, உம்மா?"

"நான் வரல்ல மகள்."

"வாப்பா வாசலுக்கு வந்திட்டார். சொல்லப் போறார். சொன்னாச் சரிதானே."

உம்மா பார்சலின் நூலை இழுத்து முடிச்சுப் போட்டார். "இனிச் சொல்ல ஏலாது. இத்தா முடிஞ்சி போச்சி. போன கிழம."

நான் நாட்காட்டியைப் பற்றிச் சொன்னேன். இன்னும் ஒரு கிழமை இருக்கிறது என்றேன்.  உம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. இப்படியொரு கதையை என்னோடு பேச வேண்டியிருக்கிறதே என்ற கூச்சம் மட்டும் இருந்தது.

"அது கலண்டர்ல இல்ல மகள். புருசன் மவுத்தானாத்தான் மாசமும் நாளும் பாக்கிற. எனக்கு உடம்புதான் கணக்கு. மூணாந்தரம் வந்தாச் சரி, முடிஞ்சி."

 வாவி, பூங்கா, இடையில் கதவு உள்ள இரண்டு அறை, யானை இறங்குவதற்கு முன் கந்தளாய். எல்லாம் ஒரு கிழமை பிந்திவிட்டது. ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ கேக்கல்லயே. உறைப்புக் குறைக்கவா எண்டு கேட்டாய். யன்னல் பக்கமா எண்டு கேட்டாய். வாறீங்களா உம்மா எண்டு ஒரு நாளும் கேக்கல்ல."

 அவர் பார்சல்களைப் பைக்குள் அடுக்கினார். அடுக்கிக்கொண்டே, மெசினில் இருந்து பேசுகிற அதே குரலில் சொன்னார்.

"அந்த நாளெல்லாம் கேற்றத் திறந்துதான் வச்சிருந்தன். நீ வந்து பூட்டுவாய்."

என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உன்னில பிழ இல்ல. வாறவர் எண்டாத் தட்டியிருப்பார்" என்றார்.

வாப்பா ஏதாவதோர் இரவில் வந்து, சங்கிலியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாரா என்று நான் இன்றுவரை அவரிடம் கேட்கவில்லை. கேட்க எனக்குத் துணிவில்லை.

"அப்ப வாப்பா உங்களுக்கு வேணாமா?" என்றேன். அழுகை வந்துவிட்டது.

உம்மா குசினிக் கூரையைப் பார்த்தார். வாளி வைத்திருந்த இடத்தில் தரையில் வட்டமாகக் கறை இருந்தது. "அண்டைக்கு நானாக்கு முன்னால நான் வாயத் திறந்திருக்கணும். அது என்ட பிழ, இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா தலாக் சொல்லும்போதும் அவர் என்னக் கேக்கல்ல. அதத் திருப்பி எடுக்கவும் என்னக் கேக்கத் தேவையில்லாமத்தான் இருந்திச்சி. இப்பதான் கேக்கத் தேவை. கேக்கட்டும்."

பிறகு பையை என் கையில் தந்தார். "நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. வாப்பாவோட ரெண்டு நாள் இருந்தா உங்களுக்கும் நல்லம். அறையும் எடுத்தாச்சி."

முற்றத்தைக் கடந்து கேற்றுக்குப் போவது அவ்வளவு தூரம் என்று எனக்கு அதுவரை தெரியாது. இதை ஒரு மகள் வாப்பாவிடம் எப்படிச் சொல்வது? அதற்கான வரி என் திட்டத்தில் இல்லை. "முடிஞ்சி போச்சி வாப்பா. போன கிழமையே" என்றேன். முதலில் அவருக்கு விளங்கவில்லை. மூன்று மாதம்தானே என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன் என்றேன். அவருடைய உதடுகள் நின்றன. தோளில் கிடந்த சுவெற்றரை எடுத்து, மடித்து, மடித்ததைப் பிரித்து, திரும்பவும் மடித்தார். எஞ்சினின் எந்தச் சத்தத்தையும் கேட்டுக் கோளாறு சொல்லக்கூடியவர் அவர்.

உம்மா பெண் கேட்கச் சொல்கிறார் என்றேன். கேட்டால்தான் என்கிறார் என்றேன்.

வாப்பா ஒழுங்கையைத் திரும்பிப் பார்த்தார். உம்மாவின் வாப்பா மவுத்தாகிப் பல காலம். உம்மாவைக் கட்டிக் கொடுக்கும் பொறுப்பு இப்போது அவருடைய நானாவுக்குத்தான். பெண் கேட்பதென்றால் லாபிர் மாமாவின் வாசலில் போய்த்தான் கேட்க வேண்டும்.

"கூரைக்கே தன்னக் கேக்கச் சொன்னவன்" என்றார் வாப்பா. மிச்சத்தைச் சொல்லவில்லை.

"ராத்தா, கண்டிக்குப் போறமா இல்லையா?" வானுக்குள்ளிருந்து ரிஸ்லா. "யானை இறங்கும் எண்டு நீங்கதான் எழுதி வச்சீங்க." அவளுக்கு ஒன்றும் தெரியாது. றிஸ்கான் ஏதோ விளங்கிக்கொண்டவர்போல எஞ்சினை நிறுத்திவிட்டு, தொலைபேசியைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்.

என் தொலைபேசியும் அடித்தது. கண்டிப் பெண்மணி. இரவுச் சாப்பாடு நாலு பேருக்குத்தானே என்று உறுதி கேட்க எடுக்கிறார். நாலா, மூன்றா, ஒன்றுமே இல்லையா? நான் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது.

வாப்பா பையைக் கேற்றோரம் வைத்தார். அதன் மேல் சுவெற்றரை வைத்தார். சேட்டை ஒருமுறை கீழே இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார். பாலத்துப் பக்கம் போனால் பாலையூற்று பஸ் கிடைக்கும். அவர் மற்றப் பக்கம் நடந்தார். முதல் வீட்டைத் தாண்டினார். இரண்டாவது வீட்டு வாசலில் யாரோ சலாம் சொன்னார்கள், பதில் சொன்னார். லாபிர் மாமாவின் கேற்றுக்கு முன்னால் நின்றார். நின்றவர் நின்றபடியே இருந்தார்.

வீட்டுக் கதவின் திரைச்சீலைக்குப் பின்னால் உம்மா வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. இனி அவர் வாப்பாவுக்கு முன்னால் வர முடியாது. அங்கிருந்து ஒழுங்கையும் தெரியாது.

"எந்தப் பக்கம் போறார்?"

"மாமாட வீட்டடியில நிக்கிறார் உம்மா."

"கூப்பிட்டாரா?"

"இல்ல. சும்மா நிக்கிறார்."

நேரம் போனது. கேற்றைப் பார்த்தபடி, தலையைக் குனிந்தபடி, வாப்பா நின்றார். என்னால் பொறுக்க முடியவில்லை. மாமாவின் பின்வாசல் எனக்குத் தெரியும். உள்ளே போய், வாப்பா வெளியே நிற்கிறார் என்று சொன்னால் மாமா வந்து திறப்பார். கதையை நான் தொடக்கிக் கொடுக்கலாம். என்ன சொல்வது, எதை முதலில் சொல்வது என்று மனதுக்குள் வரிசைப்படுத்தியும் விட்டேன். கால் ஓர் எட்டு வைத்துவிட்டது.

"ஜுமானா" என்றார் உம்மா, திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து. "நீ போகாத."

"அவருக்குக் கூப்பிடத் தெரியா உம்மா. நிண்டுட்டுத் திரும்பிடுவார்."

"திரும்பினாத் திரும்பட்டும். நீ போய்க் கூப்பிட்டா, கேட்டது நீதானே."

தொலைபேசி திரும்பவும் அடித்தது. பையிலிருந்த சோற்றுப் பார்சல்களின் சூடு என் கையில் பட்டுக்கொண்டிருந்தது. அந்தி மஃரிப் தொழுகைக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. நாலு வீடு தள்ளி வாப்பா கையைத் தூக்கினார், இறக்கினார், திரும்பவும் தூக்கிக் கேற்றின் கொண்டியில் வைத்தார்.

"என்ன செய்யிறார்?" என்று உம்மா கேட்டார்.

நான் சொன்னேன்.